ஆயிரம் டன் கனவு

2013 அக்டோபர் 18. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், கங்கைக் கரை கிராமமான டோண்டியா கேடாவில், இடிந்துபோன ஒரு கோட்டையில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சுற்றிலும் போலீஸ், தடுப்பு வேலி, டிவி வேன்கள், திடீர் டீக்கடைகள். வழக்கமாகத் தொல்லியல் துறை பள்ளம் தோண்டினால் எட்டிப் பார்க்க ஆடு மேய்க்கும் சிறுவர்கள்தான் வருவார்கள். அன்று நாடே எட்டிப் பார்த்தது.

காரணம், ஒரு கனவு. 1857 எழுச்சியில் சேர்ந்து ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட அந்த வட்டாரத்து மன்னர் ராவ் ராம் பக்ஷ் சிங், ஷோபன் சர்க்கார் என்ற சாதுவின் கனவில் வந்தாராம். கோட்டைக்கு அடியில் 1,000 டன் தங்கம் இருக்கிறது, எடுத்து நாட்டுக்குக் கொடு என்றாராம். சாது கடிதங்கள் எழுதினார். அன்றைய மத்திய இணை அமைச்சர் சரண்தாஸ் மஹந்த் செப்டம்பரில் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு அரசு இயந்திரம் நகர்ந்த வேகம், பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் அலையும் குடிமக்களைப் பொறாமைப்பட வைத்திருக்கும்.

ஆயிரம் டன் என்பது எவ்வளவு? அந்த ஆண்டு ரிசர்வ் வங்கியின் கையிருப்பில் இருந்த தங்கமே சுமார் 558 டன்தான். உன்னாவின் ஒரு சிறு சமஸ்தானாதிபதி, ஆங்கிலேயப் படை துரத்திக்கொண்டிருந்த நேரத்தில், அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கைப் புதைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். இடம் என்னவோ அதிகம் தேவைப்படாது. தங்கம் அத்தனை கனம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அடிக்குச் சற்று மேல் உள்ள ஓர் அறையில் ஆயிரம் டன்னும் அடங்கிவிடும். ஆனால் அவ்வளவு தங்கத்தை அவர் எங்கிருந்து சேர்த்திருக்க முடியும் என்ற கேள்வியைக் கேட்டிருந்தாலே மண்வெட்டிக்கு வேலை இருந்திருக்காது.

கனவை நம்பித் தோண்டவில்லை என்று தொல்லியல் துறை விளக்கம் சொன்னது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கருவிகளோடு வந்து சோதித்ததாம். 5 முதல் 20 மீட்டர் ஆழத்தில் காந்தத்தன்மை இல்லாத ஒரு மாறுபட்ட பகுதி தெரிவதாகவும், அங்கே உலோகமோ உலோகக் கலவையோ இருக்கலாம் என்றும் அறிக்கை தந்ததாம். வாதத்துக்கு இது போதும். ஆனால் உன்னாவின் எத்தனையோ மேடுகளில் இந்த ஒரு மேட்டுக்குக் கருவிகளை அழைத்து வந்தது யார்? கனவுதான். கீழே ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்பதோடு கருவி நிறுத்திக்கொண்டது. அதைத் தங்கம் என்று படித்தவர்கள் மனிதர்கள்.

தோண்டல் தொடங்கிய அன்றே சென்னை வந்திருந்த அப்போதைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி, யாரோ கனவு கண்டதற்காக அரசு மண்ணைத் தோண்டுகிறது, உலகம் சிரிக்கிறது என்று கேலி செய்தார். சாதுவின் தரப்பு கோபித்துக்கொண்டது. மூன்றே நாளில், ஷோபன் சர்க்காரின் தவத்துக்குத் தலைவணங்குவதாக ட்விட்டரில் எழுதினார். தேர்தல் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 80 தொகுதிகள்.

நவம்பரில் தோண்டல் நின்றது. கிடைத்தவை செங்கல் சுவர், பானை ஓடுகள், வளையல் துண்டுகள். ஒரு குன்றிமணி எடைத் தங்கம்கூட இல்லை.

ஒரு விஷயத்தில் ஷோபன் சர்க்காருக்கு நியாயம் செய்தாக வேண்டும். 2020-ல் காலமான அந்தச் சாது, இடம், பொருள், அளவு மூன்றையும் தோண்டுவதற்கு முன்பே ஊரறியச் சொன்னார். அதனால் அவரது கூற்றைச் சோதிக்க முடிந்தது, சோதித்தார்கள், பொய்த்தது. முன்கூட்டி ஊரறியச் சொல்லாமல் போனதால்தான் இங்கிலாந்தில் நூறாண்டுக்கு முந்தைய ஒரு விவகாரம் இன்றும் முடிவுக்கு வராமல் கிடக்கிறது.

அது கிளாஸ்டன்பரி மடாலயத்தின் கதை. இங்கிலாந்தின் பெரும் செல்வம் கொண்ட மடங்களில் ஒன்று. 1539-ல் எட்டாம் ஹென்றி அதைப் பறித்துக்கொண்டார். கடைசி மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங் அருகில் உள்ள குன்றில் தூக்கிலிடப்பட்டார். கட்டடங்களின் கற்களை ஊர்க்காரர்கள் பெயர்த்துச் சென்றார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிபாடுகள் இங்கிலாந்துத் திருச்சபையின் கைக்கு வந்தன. அகழாய்வுப் பொறுப்பு பிரிஸ்டல் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஃபிரெடெரிக் பிளை பாண்டிடம் வந்தது. தேவாலயக் கட்டடங்களில் ஊறிய மனிதர். கூடவே ஆவியுலக ஆராய்ச்சியிலும் மோகம்.

1907 நவம்பரில், வேலை தொடங்கும் முன்பே, பாண்ட் தன் அலுவலகத்தில் நண்பர் ஜான் பார்ட்லெட்டுடன் உட்கார்ந்தார். பார்ட்லெட் கையில் பென்சில், கீழே காகிதம், அவர் கைமேல் பாண்டின் விரல்கள். கிளாஸ்டன்பரி பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். பென்சில் நகர்ந்தது. மடாலயத்தின் வரைபடம் ஒன்று உருவானது. அதன் கிழக்குக் கோடியில், நின்றிருந்த சுவர்களுக்கு அப்பால், ஒரு நீண்ட ஆலயம். கீழே லத்தீனில் ஒரு துறவியின் கையொப்பம். அடுத்தடுத்த அமர்வுகளில் பல துறவிகள் ‘பேசினார்கள்’. பாதி லத்தீன், பாதி பழைய ஆங்கிலம்.

1908-ல் பாண்ட் கிழக்குக் கோடியில் தோண்டினார். எட்கர் ஆலயத்தின் அஸ்திவாரம் வெளிப்பட்டது. பத்திரிகைகள் பாராட்டின. பென்சில் விஷயத்தை மட்டும் பாண்ட் மூச்சுவிடவில்லை. பத்தாண்டு கழித்து, 1918-ல், ‘நினைவின் வாயில்’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதித்தான் உலகுக்குச் சொன்னார். ஆவிகள் வந்து எழுதின என்றுகூட அவர் உறுதியாகச் சொல்லவில்லை. மனித குலத்துக்குப் பொதுவாக ஒரு பெரும் நினைவு இருக்கிறது, அதன் கதவு கொஞ்சம் திறந்தது என்பது அவர் கட்சி. திருச்சபைக்கு எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை. முதலில் அவருடைய அதிகாரம் குறைந்தது. 1920-களின் தொடக்கத்தில் பதவியே போனது. அமெரிக்கா போனார், பின்னர் திரும்பினார். 1945-ல் இறந்தார்.

இன்றும் ஆவியுலக நம்பிக்கையாளர்கள் முதலில் எடுத்துக் காட்டும் ‘ஆதாரம்’ எட்கர் ஆலயம்தான். கதை கவர்ச்சியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டாம் ஹென்றி காலத்துப் பழம்பொருள் ஆர்வலர் ஜான் லீலண்ட், மடாலயம் இன்னும் நின்றுகொண்டிருந்த நாளில் அங்கே போனவர், மடாதிபதி பியர் கிழக்குக் கோடியில் எட்கர் ஆலயம் கட்டினார் என்று எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் பென்சில் ‘வெளிப்படுத்திய’ லொரெட்டோ ஆலயமும் அதே லீலண்டின் குறிப்பில் இருக்கிறது. வடக்குப் பக்கம் என்ற திசையோடு. கிளாஸ்டன்பரி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவர் பாண்ட். படித்தது மறந்துபோகும், கை மறக்காது. பென்சில் பிடித்தவர் பார்ட்லெட் என்றாலும் விரல் வைத்திருந்தவர் பாண்ட்.

பாண்ட் மோசடி செய்தார் என்று சொல்ல முகாந்திரம் இல்லை. பதவிக்கு ஆபத்து என்று தெரிந்தே புத்தகம் போட்டவர் அவர். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பென்சில் சொன்னதை 1908-ல் தோண்டுவதற்கு முன் உறையிலிட்டு, முத்திரை வைத்து, வேறொருவரிடம் கொடுத்திருந்தால், எது சரி, எது தவறு என்று எண்ணிப் பார்த்திருக்கலாம். கூடுதல் சிக்கலும் உண்டு: பென்சிலை நம்பிய கண், மண்ணிலும் அதையே பார்க்கத் தொடங்கிவிடும். எட்கர் ஆலயத்தின் முனை பலகோண வடிவில் முடிந்தது என்று பாண்ட் அறிவித்தபோது, அதற்கான தடயம் மண்ணில் இல்லை என்று சக ஆய்வாளர்கள் பலர் மறுத்தார்கள்.

அந்த ஊர் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1184-ல் மடாலயம் தீயில் அழிந்தது. மறுகட்டுமானத்துக்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், 1191-ல், துறவிகள் மயானத்தைத் தோண்டி ஆர்தர் மன்னரின் கல்லறையையே ‘கண்டுபிடித்தார்கள்’. யாத்ரிகர்கள் குவிந்தார்கள்.

பென்சிலுக்கு அண்ணன், கவைக்குச்சி. நம் ஊர்களில் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு நடப்பார். அது நிமிர்ந்து நிற்கும் இடத்தில் போர் போடுவார்கள். ஐரோப்பாவில் ‘ஒய்’ வடிவக் குச்சி அல்லது வளைத்த இரண்டு கம்பிகள். (ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருஹத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பார்க்கச் சொன்னது எந்த மரம், எங்கே புற்று, என்ன மண் என்பதை. அது வேறு வித்தை.) குச்சி தானாகத் திரும்புவதுபோலத் தோன்றுவது நடிப்பல்ல. மனம் எதிர்பார்ப்பதைத் தசைகள் அறியாமலே செய்துவிடும் என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கார்பென்டர் 1852-லேயே விளக்கினார்.

இந்தக் கம்பிகள் தொல்லியலுக்குள்ளும் வந்தன. வட இங்கிலாந்தில் தேவாலயத் தரைகளின்மேல் கம்பியோடு நடந்து, மறைந்த சுவர்களை வரைபடமாக்கி, 1988-ல் ரிச்சர்ட் பெய்லி என்ற பேராசிரியரும் இரு சகாக்களும் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். ஆனால் தேவாலயம் என்பது கிழக்கு மேற்காக, ஏறக்குறைய ஒரே இலக்கணத்தில் கட்டப்படுவது. பழைய சுவர் எங்கே இருந்திருக்கும் என்பதை விஷயம் தெரிந்தவர் கம்பி இல்லாமலே ஊகிக்கலாம்.

ஊகத்துக்கு வழியில்லாத சோதனை ஜெர்மனியில் நடந்தது. 1980-களின் பிற்பகுதியில், மியூனிக் அருகே ஒரு களஞ்சியக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை வண்டியில் வைத்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மேல்தளத்தில் குச்சிக்காரர் நடந்து, குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். சுமார் 500 பேரில் தேறிய 43 பேர், 843 முயற்சிகள். ஒரு சிலரிடம் அபூர்வத் திறமை தெரிவதாகச் சோதனை நடத்தியவர்களே சொன்னார்கள். அதே கணக்கை எடுத்துப் பார்த்த அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட், குருட்டு ஊகத்தைவிட அது மேலானதல்ல என்று 1999-ல் காட்டினார்.

அப்படியானால் வயல்காட்டில் மட்டும் தண்ணீர் கிடைக்கிறதே? பல நிலங்களில் போதிய ஆழம் போனால் எங்கேயும் கிடைக்கும். பழைய ஊர்மேடும் அப்படித்தான். எங்கே குழி போட்டாலும் ஓடு வரும், செங்கல் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் காசும் வரும். குறி சொன்னவர் பக்தர்களிடம் ஜெயித்துவிடுவார். ஆனால் கிணற்றை நாலு இடத்தில் வெட்டிப் பார்க்கலாம். மண்ணடுக்கை ஒரு முறைதான் வெட்ட முடியும். எந்த அடுக்கில் எது கிடந்தது என்பது தோண்டும்போதே கலைந்துவிடுகிறது. எதற்காகத் தோண்டுகிறோம் என்ற கேள்வி தவறாக இருந்தால், திரும்பிப்போய்ச் சரியான கேள்வியோடு அதே மண்ணைத் தோண்ட வழியில்லை.

கிளாஸ்டன்பரியில் ஓரளவு தப்பித்தார்கள். 1904 முதல் 1979 வரை 36 பருவங்களில் அங்கே தோண்டியவற்றின் குறிப்புகளும் ஓடுகளும் பெரும்பாலும் முறையாக வெளியிடப்படாமல் கிடந்தன. ரெடிங் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்டா கில்கிறிஸ்ட் குழு அவற்றை மறுபடி ஆராய்ந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டது. ஆர்தர் கல்லறைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் 1950-களில் தோண்டியெடுத்த கண்ணாடி உலைகளின் காலம், கரிமக் கணிப்பில், கி.பி. 700-ஐ ஒட்டியது என்று தெரிந்தது. முன்பு நினைத்ததைவிடப் பழமை. சாக்ஸன் காலத்து இங்கிலாந்தில் அவ்வளவு முற்பட்ட கண்ணாடித் தொழிற்கூடம் அரிது. மடம் தோன்றுவதற்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்ததைச் சில ஜாடி ஓடுகள் காட்டின. ஆய்வுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததில் வந்த செய்திகள் இவை.

டோண்டியா கேடாவுக்கும் தங்கம் சேராத ஒரு கேள்வி வெகுகாலமாகவே உண்டு. தொல்லியல் துறையின் முதல் தலைவர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், 7-ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் பார்த்த ஹயமுகம் என்ற நகரம் இதுவாக இருக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். கங்கைக் கரையில் ஐந்து பௌத்த விகாரைகள், சுமார் ஆயிரம் பிக்குகள், பத்து தேவர் கோயில்கள், நதியோரம் அசோகர் எழுப்பிய ஒரு ஸ்தூபம் என்று அந்தச் சீனர் குறித்துவைத்திருக்கிறார். 2013 நவம்பரில் செங்கல்லும் ஓடும் வளையல் துண்டும் வெளியே வந்தபோது அவை எந்தக் காலத்தவை என்று விசாரிக்க டிவி வேன்கள் நிற்கவில்லை. தங்கம் இல்லை என்று உறுதியானதும் கிளம்பிவிட்டன.