"ஆயுசுக்கும் மாத்த வேணாம்" – யார் ஆயுசுக்கு?



போன வாரம் பொன்னேரியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னை உறவுக்காரப் பையன், பழவேற்காட்டு நண்பரின் கார் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிச்சான். "மாமா, குப்பத்துக்கு எதுக்கு ஆட்டோமேட்டிக் கார்? அதெல்லாம் சிட்டிக்குத்தான் லாயக்கு. வித்துட்டு ஒரு சாதா கியர் வண்டி வாங்கச் சொல்லுங்க" என்றான். இலைக்கு முன்னாடி உட்கார்ந்துகொண்டு சண்டை போடக்கூடாதுன்னு பாயசத்தோட சேர்த்து முழுங்கிட்டேன். அங்கே முழுங்கினதை இங்கே எழுதுறேன். பட்டணத்து நண்பர்கள் கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் படிங்க.

அந்தக் கார் 2008 மாடல் செடான். நாலு கியர், ஆட்டோமேட்டிக். நண்பர் ஏரிக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் இருக்கிறார். பல வருஷத்துக்கு முன்னாடி வலை இழுக்கும்போது இடது காலில் திருக்கை முள் ஏறிடுச்சு. புண் சீழ் பிடிச்சு ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. பாதம் இன்னைக்கும் மரத்துத்தான் இருக்கு. அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் யோசிச்சுத்தான் 2019-ல் இந்த வண்டியை ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கு வாங்கிக் கொடுத்தான். பந்தாவுக்கு வாங்கின வண்டி இல்லைங்க. அவருக்கு அது இன்னொரு கால்.

அவருக்கு மட்டும்தானா? தெருவில் யாருக்கு ராத்திரி நெஞ்சு வலின்னாலும், பிள்ளை வலின்னாலும் அந்தக் கார்தான் கிளம்பும். ரெண்டு வருஷத்தில் எத்தனை தடவை பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்குன்னு அவரே கணக்கு வைக்கலை.

வண்டி மெல்ல மெல்லத்தான் கெட்டது. லிவரை 'டி'-யில் போட்டால் மூணு நாலு வினாடி சும்மா நிக்கும். அப்புறம் யாரோ பின்னாடி இருந்து தள்ளின மாதிரி 'டங்'குனு ஒரு குதி. கியர் மாறும்போது ஒரு உதறல். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுட்டார். ஒரு நாள் ராத்திரி பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி. ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். பாலம் ஏறும் இடத்தில் இன்ஜின் கத்துது, வண்டி நகரல. ரேஸ் கொடுக்கக் கொடுக்க சத்தம்தான் ஏறுது, சக்கரம் சுத்தல. பாதிப் பாலத்தில் அந்தப் பெண்ணை இறக்கி, ஆட்டோ பிடிச்சு அனுப்பினாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த அரை மணி நேரத்தை நண்பர் இன்னும் மறக்கலை.

விடிஞ்சதும் எனக்குப் போன். "அண்ணா, டிராக்டர் எடுத்துட்டு வா." நானும் போனேன். கயிறு கட்டி, லிவரை 'என்'-ல் போட்டு, இன்ஜினை அணைச்சுட்டு, பாலத்தில் இருந்து நாலு கிலோமீட்டர் இழுத்துட்டு வந்தேன். பெருமையா வேற இருந்தது. அது எவ்வளவு பெரிய தப்புன்னு பத்து நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

மகன் வந்து வண்டியை லாரியில் ஏத்தி சென்னையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான். எந்தக் கம்பெனி, எந்தக் கிளைன்னு சொல்லப்போறதில்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துட்டு ஒரு பேப்பர் கொடுத்தாங்க. கியர் பாக்ஸ் முழுசா மாத்தணும், ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம். "உள்ளே என்ன ரிப்பேர்?"னு மகன் கேட்டிருக்கான். "நாங்க பிரிக்க மாட்டோம் சார், அப்படியே மாத்துறதுதான் முறை." ஆயில் எப்போ மாத்தினாங்கன்னு கேட்டதுக்கு, "ஆட்டோமேட்டிக்ல ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேணாம் சார்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம்.

யார் ஆயுசுக்கு? வண்டி ஆயுசுக்கா, அதை முதல்ல வாங்கினவர் கையில் இருக்கிற வரைக்குமா? என் டிராக்டர் புத்தகத்தில் எத்தனை மணி நேரம் ஓடினா கியர் ஆயில் மாத்தணும்னு தெளிவா போட்டிருக்கு. சூடாகிற ஆயில் கெடும். இது எங்க ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். ஜெர்மனியில் இசட்.எஃப்-னு ஒரு கம்பெனி. பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செஞ்சு கொடுக்கிறவங்களே அவங்கதான். ஓட்டுற விதத்தைப் பொறுத்து 80,000-ல் இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லைன்னா அதிகபட்சம் 8 வருஷத்துக்குள்ள ஆயிலை மாத்துங்கன்னு அவங்களே சொல்றாங்க. பொட்டியைச் செஞ்சவன் மாத்துங்கறான், பொட்டியைக் காரில் வெச்சு வித்தவன் வேணாங்கறான். யாரை நம்புறது?

நண்பரின் வண்டி ஒரு லட்சத்து பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு தடவை கூட ஆயில் மாத்தினதா எங்கேயும் எழுதலை.

கடைசியில் மகனின் சிநேகிதன் மூலமா வடசென்னையில் ஒரு சின்னப் பட்டறை கிடைச்சது. வயசான மெக்கானிக். கம்ப்யூட்டர் மாட்டுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்து எங்களையும் குனிஞ்சு பார்க்கச் சொன்னார். கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்க முன்பக்கம் ரெண்டு இரும்புப் பைப் போகுது. அதில் ஒண்ணு துரு ஏறி, ஊசி முனை அளவு ஓட்டை. சொட்டுச் சொட்டா எத்தனை மாசமா ஒழுகுச்சோ. "ஏரிக்கரை வண்டியாண்ணா?"ன்னு கேட்டார். உப்புக்காத்தை அவர் பைப்பைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டார். மிச்சமிருந்த ஆயிலைக் குச்சியில் தொட்டுக் காட்டினார். சிவப்பா இருக்க வேண்டியது கறுத்துப்போய், கருகின வாசனை.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ரெண்டு மின்விசிறியை எதிரெதிரே வெச்சு ஒண்ணை ஓடவிட்டா, அந்தக் காத்தில் இன்னொண்ணும் சுத்தும். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் அப்படித்தான், காத்துக்குப் பதிலா ஆயில். உள்ளே ஒரு பம்பு இருக்கு. அது கொடுக்கிற அழுத்தத்தில்தான் கிளட்ச் பிளேட்டுகள் ஒண்ணை ஒண்ணு பிடிக்கும். நம்ம இடது கால் செய்ற வேலையை அந்த ஆயில் செய்யுது. கிணத்தில் தண்ணி இறங்கினா பம்பு செட் காத்தை இழுக்கும் இல்லையா, அதேதான் இங்கேயும். ஆயில் குறைஞ்சா பம்பு காத்தை இழுக்கும், அழுத்தம் வராது, பிளேட்டு வழுக்கும். மேட்டில் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நிக்கும்.

அடுத்து என் பக்கம் திரும்பினார். "இன்ஜின் ஆஃப் பண்ணிட்டா இழுத்தீங்க? இன்ஜின் ஓடினாத்தான்ணா அந்தப் பம்பு ஓடும். முன்சக்கரம் தரையில் உருள உருள உள்ளே எண்ணெய் இல்லாமத் தேயும். நாலு கிலோமீட்டரோட நிறுத்தினீங்களே!" தலை குனிஞ்சேன். காரில் இருந்த புத்தகத்தில் அது எழுதியிருக்காம். இங்கிலீஷில். நண்பரும் நானும் பள்ளிக்கூடத்தோட நிறுத்தினவங்க.

புதுப்பேட்டையில் பைப் வாங்கி, ஃபில்டர் மாத்தி, அந்த வண்டிக்கு உரிய ஆயில் ஊத்தி, எல்லாம் சேர்த்து பதினாலாயிரத்து ஐந்நூறு. "பிளேட்டு கொஞ்சம் தேஞ்சிருக்கு, பார்த்து ஓட்டுங்க, ரெண்டு மூணு வருஷம் ஓடும்"னு உள்ளதைச் சொன்னார். ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம் எங்கே, பதினாலாயிரத்து ஐந்நூறு எங்கே?

எல்லாக் கெட்டுப்போன கியர் பாக்ஸும் பைப் மாத்தினா சரியாகிடும்னு நான் சொல்ல வரலை. சிலது உண்மையிலேயே போயிருக்கும். என் கேள்வி, குனிஞ்சு பார்க்காமலே எப்படி விலை போட்டாங்க என்கிறதுதான்.

"அது சிக்கலான மிஷின், கண்டவங்க கை வெச்சா கெடும்"னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. சிக்கல்தான், மறுக்கலை. தப்பான ஆயிலை ஊத்தினாலே போச்சு. ஆனா ஆட்டோமேட்டிக் ஒண்ணும் நேத்து வந்த மாயம் இல்லை. அமெரிக்காவில் 1940 மாடல் ஆல்ட்ஸ்மொபில் காரிலேயே வந்தாச்சு. எண்பது வருஷத்துக்கு மேல ஓடுற மிஷினை ரிப்பேர் பண்ண ஊர் மெக்கானிக்கால் முடியாதுன்னா, அவனுக்குச் சொல்லித்தரலை, பாகம் கொடுக்கலைன்னுதானே அர்த்தம்? எங்க ஊரில் மோட்டார் எரிஞ்சா காயில் கட்டி ஓட்டுறோம். குப்பத்துப் பசங்க போட் இன்ஜினைக் கழட்டி, நல்ல தண்ணியில் கழுவி, திரும்ப மாட்டிட்டு அடுத்த நாள் கடலுக்குப் போறாங்க. கை இருக்கு, மூளை இருக்கு. கதவைத்தான் சாத்தி வெச்சிருக்காங்க.

இதை நான் மட்டும் சொல்லலை. 2011-ல் ஒருத்தர் கொடுத்த புகாரை விசாரிச்சு, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் ஒரு தீர்ப்பு கொடுத்தது. 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். வெளி மெக்கானிக்குகளுக்கும் உதிரிபாகமும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவியும் கிடைக்கணும், வெளியே ரிப்பேர் பண்ணினதுக்காகவே வாரண்டியை மொத்தமா ரத்து பண்ணக்கூடாதுன்னு அதில் சொல்லியிருக்கு. கம்பெனிகள் அப்பீல், கோர்ட்டுன்னு போயிட்டாங்க. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, டிசம்பரில் ஒரு இணையதளமும் ஆரம்பிச்சது. காரும் அதில் உண்டு, விவசாயக் கருவியும் உண்டு. நல்லதுதான். ஆனா இணையதளம் வேற, சட்டம் வேற. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே ஜனங்க ஓட்டுப் போட்டு கார் ரிப்பேர் உரிமையைச் சட்டமாக்கினாங்க. நம்மால் முடியாதா?

எங்களுக்குத் தெற்கே, இதே கரையில் எண்ணூர்த் துறைமுகம். நம்ம ஜில்லாக்களில் செய்ற கார்கள் அங்கிருந்து கப்பல் ஏறி வெளிநாடு போகுது. கார் போற கடற்கரை இது. ஆனா இந்தக் கரையில் ஒரு கார் நின்னா, பாகத்துக்குப் புதுப்பேட்டையில் பழைய இரும்பைக் கிளறணும்.

இப்போ பட்டணத்து நண்பர்களுக்கு. 2014-ல் செலேரியோ வந்ததில் இருந்து சின்னக் காரிலும் கிளட்ச் இல்லாத வண்டி சாதாரணமாயிடுச்சு. நீங்க ஓட்டுறீங்க, சந்தோஷம். ஆனா அலுத்துப்போய் விக்கும்போது அது எங்கே போகுதுன்னு நினைச்சீங்களா? பொன்னேரிக்கு, மெதூருக்கு, பழவேற்காட்டுக்கு வரும். கால் ஊனமானவர், முட்டி தேஞ்ச பெரியவர், பயந்து பயந்து ஓட்டக் கத்துக்கிற அம்மா, இவங்க கைக்கு வரும். அதனால ரெண்டு காரியம் பண்ணுங்க. "ஆயுசுக்கும் வேணாம்"னு சொன்னா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, எழுதித் தரலைன்னா ஆயிலை மாத்துங்க. விக்கும்போது என்ன ஆயில் ஊத்தினீங்க, எப்போ ஊத்தினீங்கன்னு ஒரு சீட்டு எழுதி வண்டியிலேயே வைங்க. தமிழில் எழுதினா இன்னும் புண்ணியம்.

கம்பெனிகளை நான் கேட்கிறதும் பெருசு இல்லை. புத்தகத்தைத் தமிழில் போடுங்க. பாகத்தைத் தனித்தனியா வித்துடுங்க. கடலோர வண்டிக்கு வருஷா வருஷம் அடியில் குனிஞ்சு பாருங்க.

அந்தக் கல்யாணத்துப் பையனுக்கும் பதில் சொல்லிடறேன். குப்பத்துக்கு எதுக்கு ஆட்டோமேட்டிக்குன்னு கேட்டே இல்லப்பா, நேத்து ராத்திரி பத்து மணிக்கு ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல். நண்பர் 'டி'-யில் போட்டார், பாலம் ஏறினார், இறங்கினார், பத்தே முக்காலுக்குப் பொன்னேரி. பாட்டி இன்னைக்குக் கஞ்சி குடிச்சாங்களாம். அதுக்குத்தான்.

நாளைக்கு எங்க வயலில் நடவு. ஆள் கிடைச்ச கதையை அடுத்த பதிவில் எழுதுறேன்.