பட்டியல் ஆய்வாகுமா? – சூழலியல் திறனாய்வும் சூழல் அறிவியலும்

முன்னுரை

கடந்த கால் நூற்றாண்டாகத் தமிழாய்வுலகில் 'சூழலியல்' என்னும் சொல் செல்வாக்குடன் வழங்கி வருகிறது. சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல், காப்பியங்களில் இயற்கை, புதுக்கவிதையில் பசுமைச் சிந்தனை என்றவாறு ஆய்வேடுகள் பெருகியுள்ளன. ஆயின், இவற்றுள் பெரும்பாலானவை சூழலியலின் பெயரைத் தாங்கியுள்ளனவேயன்றி, அத்துறையின் ஒரு வினாவையேனும் எதிர்கொண்டனவல்ல. சூழல் அறிவியலோடு உறவற்ற சூழலியல் திறனாய்வு, பழைய இயற்கை வருணனை ஆய்வின் மறுபதிப்பே என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

பட்டியலிடும் மரபு

பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' 1967இல் வெளிவந்தது. தாவரவியல் பேராசிரியர் கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' 1987இல் வெளிவந்தது. இவ்விருவரும் செடியைக் கண்டு, பாடலோடு ஒப்பிட்டு, ஐயம் எழுந்தவிடத்து வாதிட்டனர். பின்வந்தோரில் பலர் அவர்தம் முடிவுகளைப் படியெடுத்தனரேயன்றி, அவர்தம் முறையைக் கைக்கொள்ளவில்லை.

குறிஞ்சியையே சான்றாகக் கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மூணாறுப் பகுதியில் பெருமளவில் பூத்தது. ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனங்கள் பல உள்ளன. அவை பூக்கும் கால இடைவெளியும் இனத்துக்கு இனம் வேறுபடும். சங்கப் பாடல்கள் சுட்டும் குறிஞ்சி இவற்றுள் எது, எம்மலைக்குரியது என்ற வினாவை எழுப்பாமலேயே, குறிஞ்சி என வருமிடமெல்லாம் நீலக்குறிஞ்சி என எழுதிச் செல்வது ஆய்வாகாது.

மற்றொரு குறை, பண்டைத் தமிழர் அனைவரையும் சூழல் காவலராகக் காட்டும் ஆர்வம். காட்டை அழித்து நாடாக்கிய செயலைக் கரிகாலனின் பெருமையாகப் பட்டினப்பாலை போற்றுகிறது. மருதத்தின் வளத்துக்குக் காடு விலையானது என்பதை மறைக்கும் ஆய்வு, இலக்கியத்துக்கும் நேர்மை செய்யவில்லை. அறிவியலுக்கும் நேர்மை செய்யவில்லை.

பொக்காளி வயல் எழுப்பும் வினா

அறிவியலோடு இணைந்தால் இலக்கண ஆய்வுக்கு என்ன பயன் என்று வினவுவோர் உளர். அவர்களுக்குக் கொச்சிக் கழிமுகம் விடை தருகிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருக, மட்டாஞ்சேரிப் படகுத்துறை வரை ஆகாயத்தாமரை மிதந்து வரும். கோடையில் கடல்நீர் உள்ளேற, அது கருகி மறையும். ஒரே கழி, பருவத்துக்கேற்ப நன்னீராகவும் உவர்நீராகவும் மாறுகிறது.

இம்மாற்றத்தையே வாழ்வாதாரமாகக் கொண்டது, தெற்கே கும்பளங்கியிலும் வடக்கே கடமக்குடியிலும் காணப்படும் பொக்காளி வேளாண்மை. வயலில் மண்ணைக் கூம்புகளாகக் குவிப்பர். பருவமழை அதன் உப்பைக் கழுவும். அக்கூம்புகளின் மேல் விதைப்பர். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அறுவடை முடியும். பின்னர் அதே வயலில் உவர்நீரைப் புகவிட்டு, ஏப்ரல் வரை இறால் வளர்ப்பர். நெல்லின் தாள் மட்கி இறாலுக்கு உணவாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும்.

இந்நிலம் மருதமா, நெய்தலா? திணை மயக்கத்தை விலக்காத தொல்காப்பியர், நிலங்கள் ஒருங்கே மயங்குவதில்லை என்கிறார். பொக்காளி வயலில் இரு நிலங்கள் ஒருங்கே மயங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இங்குத் திணையை முடிவு செய்வது நிலமன்று, பொழுது. ஆனால், மருதத்துக்கும் நெய்தலுக்கும் சிறுபொழுதைக் கூறிய தொல்காப்பியர் தனிப் பெரும்பொழுதைக் கூறவில்லை. ஆறு பெரும்பொழுதும் அவற்றுக்கு உரியன என உரையாசிரியர் கொண்டனர். மேலைக் கடற்கரையின் உவர்நீர்க் கணக்கை அறிந்தவர் இவ்விடத்தில் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டவர். நெய்தற்பூ மிகுந்த உவர்நீரில் நில்லாது. எனவே, கழியில் நெய்தல் மலர்ந்ததாகக் கூறும் பாடல்கள் எப்பருவத்தை, கழியின் எப்பகுதியைச் சுட்டுகின்றன என்பதும் ஆராயத்தக்கது. இவ்வினாக்களை நூலகத்துள் இருந்தவாறே எழுப்புதல் அரிது.

இது பழம்பொருள் ஆய்வும் அன்று. ஆண்டு முழுவதும் இறால் வளர்க்கும் வேட்கையால் நெற்பருவம் கைவிடப்படுகிறது. 'ஒரு நெல், ஒரு மீன்' என்னும் நெறியைக் காக்க உழவர் போராடி வருகின்றனர். திணைக் கோட்பாட்டின் மொழியிற் கூறின், ஒரு நிலம் தன் பொழுதை இழந்து வருகிறது. வைற்றில நெல் ஆய்வு நிலையம் புதிய பொக்காளி வகைகளை உருவாக்கித் தந்துள்ளது. அந்நிலையத்தின் வாயிலைத் தமிழாய்வாளர் எத்தனை பேர் மிதித்திருப்பர்?

அமைதிப் பள்ளத்தாக்கு தந்த பாடம்

இலக்கியமும் அறிவியலும் இணைதல் இயலாதது என்போர், அமைதிப் பள்ளத்தாக்கு இயக்கத்தை நினைவுகூர வேண்டும். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் முதலியோர் காட்டின் அருமையை எடுத்துரைத்தனர். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1979இல் மின்திட்டத்தை மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. சுகதகுமாரி முதலிய கவிஞர்கள் கவிதையோடு களத்தில் இறங்கினர். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்குக் கவிதை புள்ளிவிவரத்துக்கு அணியாகவும் நிற்கவில்லை. புள்ளிவிவரம் கவிதைக்குச் சான்றிதழும் வழங்கவில்லை. இரண்டும் ஒரே வினாவைத் தத்தம் மொழியில் எழுப்பின.

முடிவுரை

சங்கப் புலவர் இன்றைய அறிவியலை அன்றே கண்டறிந்தனர் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது பட்டியலினும் தீங்கானது. வேண்டுவன மூன்று. சூழலியல் சார்ந்த ஆய்வேட்டுக்கு அறிவியல் துறையினர் ஒருவர் இணை நெறியாளராதல் வேண்டும். ஆய்வாளர் தாம் எழுதும் நிலத்தில் ஓராண்டின் எல்லாப் பருவங்களையும் கண்டிருத்தல் வேண்டும். களத்தில் உழவரும் மீனவரும் வழங்கும் சொற்களைத் தொகுத்து அறிவியலாருக்கு அளித்தல் வேண்டும். கொள்வது மட்டுமன்றிக் கொடுப்பதும் நம் கடன். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கற்பிக்கும் துறை, அவ்விரண்டையும் நேரிற் காணாது கருப்பொருளை மட்டும் எண்ணிக்கொண்டிருத்தல் தகுமா என்பதைத் தமிழறிஞர் சிந்திப்பாராக.