ஒரு குழந்தையின் உணவும் பிறர் கடமையும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் டில்லியிலுள்ள எம் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திருநெல்வேலியினின்று போவோர் வெறுங்கையராய்ப் போதல் வழக்கமன்று; ஆதலின் அல்வாப் பொட்டலமொன்று கொண்டு சென்றோம். தமக்கையாரின் மகள், ஆறாண்டினள், அதனைத் தொட்டுப் பார்த்து, "மாமா, இதில் கோதுமை உண்டா?" என்று வினவினாள். அல்வா கோதுமைப் பாலிற் செய்யப்படுவதென்பதை எம்மூரில் அறியாதார் யார்? ஆயினும் அதனைக் கூற எமக்கு நா எழவில்லை. எம் முகத்தைக் கண்டே அக்குழந்தை பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு விளையாடச் சென்றது. அழவில்லை. அழாமை கண்டே யாம் பெரிதும் வருந்தினோம்.

அவளுக்குற்ற நோயைச் செலியாக் என்பர். கோதுமை, வாற்கோதுமை, ரை என்னுந் தானியங்களில் குளூட்டன் என்றொரு புரதம் உளது. மாவைப் பிசையுங்கால் இழுபடச் செய்வது அதுவே. அப்பெயரும் இலத்தீனில் பசையெனப் பொருள்படுவதாம். இந்நோயுடையார் அதனை உண்ணின், உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கும். உணவின் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் போன்ற உறுப்புகள் தேய்ந்தொழியும். பின்னர்க் குழந்தை எத்துணை உண்டும் பயனில்லை: வயிறு உப்பும், பேதியாகும், குருதி குன்றும், வளர்ச்சி நிற்கும். சிலரிடத்து வயிற்றுக்குறி யாதுமின்றி உயரக்குறைவு மட்டுமே தோன்றுதலும் உண்டு.

எம் தமக்கையார் ஈராண்டு அலைந்தார். பூச்சிமருந்து கொடுக்கப்பட்டது, இரும்புச்சத்து மருந்து கொடுக்கப்பட்டது. உடல் தேறும்பொருட்டுக் கோதுமைக்கஞ்சி கொடுக்கும்படி அறிவுரைத்தாரும் உளர்! இறுதியில் குருதிச் சோதனையும், குழாய் செலுத்திக் குடற்றசை எடுத்துப் பார்க்குஞ் சோதனையும் உண்மையை உணர்த்தின. ஒன்று ஈண்டுக் கூறியே ஆகவேண்டும். ஐயங்கொண்ட பெற்றோர் சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தின் சோதனை பொய்த்துப்போதல் கூடும்.

1888ஆம் ஆண்டில் சாமுவேல் கீ என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயை விரித்தெழுதி, இது தீருமாயின் உணவினாலேயே தீரும் என்று துணிந்தார். எவ்வுணவென்பது அவர்க்குப் புலப்படவில்லை. 1924இல் அமெரிக்காவில் ஹாஸ் என்பார் வாழைப்பழத்தையே சிறந்த உணவாக விதித்தார். உண்மையை நிலைநாட்டியவர் ஆலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே. 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சக்குளிரில் அந்நாட்டில் ரொட்டி அரிதாகவே, ஊரெல்லாம் வாட, இந்நோய்க் குழந்தைகளோ தேறினர். ரொட்டி மீண்டதும் நோயும் மீண்டது. 1950இல் அவர் தம் ஆராய்ச்சியை உத்ரெக்டுப் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்தார். போருக்கு முன்னரே, ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தை தேறியதென்று ஒரு தாய் கூறிய சொல் அவர் கருத்தைத் தூண்டிற்றென்பர். தாயரின் சொல்லைப் பொறுமையுடன் கேட்கும் மருத்துவர் எக்காலத்தும் வேண்டப்படுபவரே.

இஃது வடநாட்டார் நோய், நமக்கென்ன என்பாருமுளர். 2016இல் வெளிவந்ததோர் ஆராய்ச்சி வடக்கே ஆயிரவர்க்குப் பன்னிருவரும், வேலூர்ப் பக்கத்தில் ஆயிரவர்க்கு ஒருவரும் இந்நோயைக் குறிக்கும் எதிர்ப்பொருளைக் குருதியில் உடையரெனக் கண்டது. ஆயின் இதற்கு இடந்தரும் மரபுக்கூறு இருபாலும் ஏறத்தாழ ஒரே அளவினதாய், மூவரில் ஒருவர்க்கு மேல் காணப்பட்டது. வேறுபட்டது தட்டே: அங்கே நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். நம்மைக் காத்துவருவது சோறுதான் போலும். இரவுதோறும் பரோட்டாக் கடைகளில் நிற்கும் கூட்டத்தைக் காணுங்கால், இக்காவல் எத்துணைக் காலம் நிற்குமென்ற ஐயம் எமக்கு எழாமலில்லை.

மருந்தில்லை; கோதுமையை வாழ்நாள் முழுதும் விலக்கலே மருந்து. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை யாவும் உண்ணலாம். இட்டலிக்கும் தோசைக்கும் தடையில்லை. எளிதெனத் தோன்றுகிறதன்றோ? அன்று. கடைப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமைமாவு கலந்திருக்கும். அப்பெருங்காயமோ நம் சாம்பாரிலும் இரசத்திலும் உண்டு. கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரிசியையும் அரைத்துத் தருவர். பூரி பொரித்த எண்ணெயிலேயே அப்பளம் பொரிப்பர். குளூட்டன் அற்றது எனப்படும் உணவில் கிலோவொன்றுக்கு 20 மில்லிகிராமிற்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது விதி. எனவே தமக்கையார் அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைக்கிறார். கரண்டியும் வாணலியும் தனி. இவ்வுழைப்பின் பயனாக ஓராண்டிற்குள் குழந்தை நன்கு வளர்ந்துவிட்டாள்.

வீட்டிற்குள் தாயின் கை காக்கும். வெளியே காப்பார் யார்? அவள் பள்ளியில் ஒரு குழந்தையின் பிறந்தநாளன்று, "ஒரு துண்டு கேக்கினால் என்ன வந்துவிடும்?" என்று ஆசிரியை ஒருவர் வற்புறுத்தி ஊட்டினார். அவர் அன்பிலாதவர் அல்லர், அறியாதவர். ஒரு துண்டும் குடலைப் புண்படுத்துமென அவர்க்குச் சொல்வாரில்லை. அன்றிரவெல்லாம் வாந்தி. மறுவாரம் தமக்கையார் மருத்துவமனைத் திண்ணையிற் கண்டு பழகிய பஞ்சாபித் தாயொருவரை உடனழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றார். தனித்துச் சென்றபோது கேளாத செவிகள் இருவராய்ச் சென்றபோது கேட்டன. இன்று அத்தாயர் ஒன்பதின்மர்; எவ்வீட்டிற் பிறந்தநாள் வரினும் அரிசிமாக் கேக்கு ஒன்பது வீட்டிற்கும் போகிறது.

இத்துணையைத் தாயரே தேடிக்கொள்ளவேண்டுமா என்பதே எம் வினா. இத்தாலி நாட்டார் 2005ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, பள்ளி, மருத்துவமனை முதலியவற்றின் உணவுச்சாலைகளில் கேட்பார்க்குக் குளூட்டனற்ற உணவு தரப்படவேண்டுமென விதித்தனர். அங்கே அஃது இரக்கமன்று, உரிமை. நம்மிடத்திலோ, வேறு உணவு கேட்கும் குழந்தை செல்லங்கெட்ட குழந்தையாகக் கருதப்படுகிறது.

திருவிருந்தின் அப்பமும் கோதுமையே. அதனை மாற்றின் பொருள் கெடுமென்று சிலர் வாதிப்பர். கத்தோலிக்க சபையார் கோதுமையை விடாது குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை ஏற்றுள்ளனர். எம்போன்ற சீர்திருத்த சபையினர் தனித்தட்டில் அரிசி அப்பம் வைப்பதற்கு ஏன் தயங்கவேண்டும்? ஒரு சிறுமியைப் பந்தியினின்று விலக்கும் அப்பத்தை ஒருமைப்பாட்டின் அடையாளமென்று கூறுதல் எமக்கு விளங்கவில்லை.

நம் விடுதியில் இந்நோயுடைய மாணாக்கர் எவரேனும் உளரோ என எவரும் கேட்டதில்லை. சேர்க்கைத்தாளில் அதற்கோர் இடம் வைத்தல் பெருஞ்செலவன்று. விடுமுறை கழிந்து மீண்ட அன்று யாம் சமையற்காரரிடம், பெருங்காயத்திற் கோதுமை உண்டோ என்று வினவினோம். "பெருங்காயத்தில் கோதுமை எதுக்கு தம்பி?" என்று அவர் நகைத்தார். பின்னர் டப்பாவை எடுத்து வந்து, கண்ணாடி அணிந்து, சிறு எழுத்துகளைப் படித்தார். இருமுறை படித்தார். நகைப்பு நின்றது. அடுத்த மாதச் சரக்குச் சீட்டில் அரிசிமாவு கலந்த பெருங்காயமென எழுதிவைத்துள்ளார்.