வறண்டது அருவியா, பேனாவா?

"கற்பனை வறண்டுவிட்டது, குற்றாலச் சாரலில் நனைந்தால்தான் ஊறும்" என்கின்றனர் எழுத்தாள நண்பர்கள் சிலர். அறை வாடகைக்கு வசதியுள்ளவனுக்குத்தான் கவிதை வருமென்றால், நடவு வயலில் பாட்டே பிறந்திருக்காது!

குற்றாலமே இவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 18-ஆம் நூற்றாண்டில், தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். கோயிலையும் இறைவனையும் போற்றும் நூல்தான்; நாம் மறுக்கவில்லை. ஆனால் அதில் மலைவளம் சொல்பவள் யார்? குறி சொல்லிப் பிழைக்கும் குறத்தி! கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன் சிங்கன்! அருவியைக் கவிராயரும் கண்டார், இவர்களும் காண்கின்றனர். அவர் குறத்தியையும் கண்டார். அதனால்தான் அந்த நூல் இன்றும் வாடவில்லை.

இவர்கள் காண மறுப்பது எதை? குற்றாலத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் தென்காசி. அங்கும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரமாயிரம். இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டிக் கொடுத்தபின், 'கழிவு' என்று ஒதுக்கிக் கூலியைப் பிடிக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கேட்டுக் கொதிக்காத பேனாவுக்கு எந்த அருவி மை ஊற்றும்?

ஓய்வு குற்றமென்று நாம் கூறவில்லை. அருவியில் குளியுங்கள், திரும்பும் வழியில் அந்தத் திண்ணைகளில் உட்காருங்கள், கேளுங்கள், பிறகு எழுதுங்கள்! எழுதியதை முதலில் அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்!