கையெழுத்து நம்முடையது... நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையதா?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு தினமும் பூ கொண்டுவரும் ஒருத்தர், தவணையில் பைக் எடுக்கிறார்னு வெச்சுக்குவோம். ஷோரூமிலேயே ஃபைனான்ஸ் ஆள் உட்கார்ந்திருப்பார். 'டிக்' போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து, பத்து நிமிஷத்தில் வேலை முடிஞ்சிடும். படிச்சீங்களான்னு யாரும் கேட்க மாட்டாங்க. (படிச்சாலும் புரியாது. ஆங்கிலம், அதுவும் எறும்பு சைஸ் எழுத்து.)

ஒன்றரை வருஷம் கழித்து, கையில் காசு இருக்கும்போது மொத்தமாகக் கட்டி முடிக்கப் போகிறார். அதற்கான அபராதத்தையும் தரத் தயார். 'முடியாது' என்கிறது நிறுவனம்.

இது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவில் வரும் 'நியாயமற்ற ஒப்பந்தம்'. அதிகப்படி டெபாசிட், இழப்புக்குப் பொருந்தாத அபராதம், காரணமே இல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்வது எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு.

சரி, யார் நிரூபிக்கணும்? புகார் சொல்பவர்தான் என்பது பொது விதி. சேவைக் குறைபாடு பற்றிய எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால், நம்ம பூக்காரரிடம் ஒப்பந்த நகல்கூட இருக்காது. ஃபார்ம், போன் கால் ரெக்கார்டிங் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில்!

இன்சூரன்ஸில் கதை வேறு. டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் நிறுவனம், தரைக்குக் கீழ்தளத்தில் இருந்த தன் கடைக்கு டாடா ஏ.ஐ.ஜி.யில் தீ விபத்து பாலிசி எடுத்திருந்தது. கீழ்தளத்துக்குக் காப்பீடு கிடையாது என்று பாலிசியிலேயே ஒரு விதி! கடையை நேரில் பார்த்துவிட்டுத்தான் பாலிசி கொடுத்தார்கள். தீப்பிடித்ததும் அந்த விதியைக் காட்டினார்கள். விலக்கு விதியைக் காட்டித் தப்பிக்க நினைத்தால் நிரூபிக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே என்று 2022 நவம்பரில் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். இதே விதி கடன் ஒப்பந்தத்துக்கு ஏன் கூடாது? 'பேசித்தான் இந்த விதியைப் போட்டோம்' என்று கம்பெனி சொன்னால் கம்பெனியே நிரூபிக்கட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1993-லேயே எழுதிவைத்துவிட்டது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கு. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குச் சட்டம் தரவில்லை. மாநில ஆணையத்துக்குத்தான் போகணும். அதாவது சென்னை, இல்லைன்னா மதுரை அமர்வு. ஒரு பைக் கடனுக்கு இவ்வளவு தூரமா?

சட்டம் மாறும்வரை ரெண்டு வேலை செய்யலாம். கையெழுத்து போட்ட அன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்குங்க. கடனை முன்கூட்டியே முடிக்கணும்னா கிளைக்குப் போய்ப் பேசாம, இமெயிலில் கேளுங்க. மறுப்பு எழுத்தில் வரட்டும். நகலே இல்லையா? ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. புகாரிலேயே அதைக் கேட்டுடுங்க.