உங்கள் கேம் மேப்பில் காஷ்மீர் எங்கே இருக்கிறது?

'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' போன்ற வியூக விளையாட்டுகளுக்குச் சொந்தமாக ஓர் உலக மேப் செய்வது இன்று பெரிய வித்தை இல்லை. புவியியல் தரவு இலவசம், கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். ஆனால், நீங்கள் டவுன்லோட் செய்யும் எல்லைக்கோப்பு உங்களைக் கேட்காமலேயே ஒரு நிலைப்பாட்டை எடுத்துவிடுகிறது. இந்தியாவில் அது சட்டப் பிரச்னையாகவும் ஆகலாம்.

மேப் எப்படி உருவாகிறது?

அடிப்படையில் அது ஒரு பிட்மேப் படம், அவ்வளவுதான். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி ஆர்ஜிபி நிறம். எந்த நிறம் எந்த மாகாணம் என்பதை ஒரு சிஎஸ்வி கோப்பு சொல்லும்.

அசல் மேப்பின் அகலம் 5,632 பிக்சல். பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. வகுத்துப் பார்த்தால், நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் சுமார் 7 கி.மீ. எனவே, மலைகளுக்காக 30 மீட்டர் துல்லிய உயரத் தரவைத் தேடி அலைய வேண்டாம்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது ஆன்ட்டி-அலியாசிங் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரங்களில் புதுப்புது நிறங்கள் முளைக்கும். அவை எந்த மாகாணம் என்று விளையாட்டுக்குத் தெரியாது.

சரி, சிக்கல் எங்கே?

பலரும் எடுப்பது 'நேச்சுரல் எர்த்' தரவு. அதன் வழக்கமான கோப்பு, ஒரு பகுதிக்கு யார் உரிமை கோருகிறார்கள் என்பதைக் காட்டாது. அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். அதன்படி, பாகிஸ்தான் ஆக்கிரமிப்பு காஷ்மீரும் அக்சாய் சின்னும் இந்தியாவுக்கு வெளியே போய்விடும். இந்திய அரசின் கணக்கில் இவை இரண்டும் சேர்ந்து சுமார் 1.16 லட்சம் சதுர கி.மீ. நம் மேப்பில், தோராயமாக, 2,000 பிக்சலுக்கு மேல்.

'பிக்சல்தானே' என்று தோன்றலாம். விண்டோஸ் 95-ன் வரைபடத்தில் காஷ்மீர் வேறு பச்சை நிறத்தில் இருந்தது. வித்தியாசம் வெறும் 8 பிக்சல். அதனால் சுமார் 2 லட்சம் பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்ததாக மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே 2004-ல் கூறினார். அதே ஆண்டு, திபெத்தைத் தனி நாடாகக் காட்டியது உள்ளிட்ட காரணங்களுக்காக, முதல் 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' விளையாட்டுக்குச் சீனா தடை விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், 1961-ன் 2-வது பிரிவின்படி, சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். ஆனால் அரசே புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் விசாரிக்க முடியும். விளையாட்டுகளுக்குத் தனி விலக்கு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

2021 பிப்ரவரியில் வந்த புவியியல் தரவு வழிகாட்டுதல்கள், அரசியல் வரைபடங்களுக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லைத் தரவே அளவுகோல் என்கின்றன. அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்தியாவின் வெளி எல்லையை அதிலிருந்து எடுங்கள்.

நேச்சுரல் எர்த்திலேயே 'இந்தியப் பார்வை' கோப்பு தனியாக உண்டு. பாகிஸ்தான், சீனப் பார்வைகளும் அங்கேயே இருக்கின்றன, எனவே கோப்பின் பெயரைக் கவனித்து எடுங்கள். எடுத்த பிறகும் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். மாகாணங்களுக்கு நிறம் கொடுக்கும் முன்பே இதைச் செய்வது நல்லது. ஏன்னா, அதன்பிறகு எல்லையை நகர்த்தினால் பாதி வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.