சாய்ஸ் லிஸ்ட்டை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போடுங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் எல்லோருக்கும் வரும் கேள்வி, "எந்த காலேஜ்ல சேர்க்கலாம்?" என்பதுதான். 1997-ல் ஒற்றைச் சாளர கவுன்சலிங் தொடங்கியபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2018 முதல் பொறியியல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்தே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் நடப்பது என்ன? வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் இருந்தும், "நமக்கென்ன தெரியும்?" என்று பாஸ்வேர்டை யாரோ ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இது சரியல்ல என்பேன். பிரவுசிங் சென்டர்காரர் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். உங்கள் பிள்ளைக்காக அவர் எவ்வளவு நேரம் யோசிக்க முடியும்? கல்லூரியிடம் கமிஷன் வாங்கும் ஏஜென்ட் என்றால் கேட்கவே வேண்டாம். நான்கு வருடப் படிப்பை அவர் முடிவு செய்துவிடுவார்.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதலில் கட்-ஆஃப் போடுங்கள். கணிதம் 100-க்கு, இயற்பியல், வேதியியல் தலா 50-க்கு, மொத்தம் 200. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 90 + 40 + 42 = 172. முந்தைய வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, உங்கள் இட ஒதுக்கீட்டில் எந்த கட்-ஆஃப் வரை போனது என்பது கவுன்சலிங் வெப்சைட்டிலேயே கிடைக்கும்.

இனி எக்ஸெலைத் திறங்கள். அது இல்லையா? லிப்ரே ஆபீஸ் இலவசம். கல்லூரி கோட், பாடப்பிரிவு, பழைய கட்-ஆஃப், ஹாஸ்டல் கட்டணம், பஸ் நேரம் என்று காலம் போடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு. கோட் நம்பரைச் சரிபாருங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சென்னை, கோவை என்று மட்டும் தேடுகிறார்கள். ஆரணியிலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருப்பதையும் பட்டியலில் சேருங்கள்.

கூகுளில் தேடும்போது மேலே வருபவை விளம்பரங்களாக இருக்கலாம். கல்லூரி வெப்சைட்டின் பளபளப்பான படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பெயரை முழுநேர ஆசிரியராகக் காட்டிய விவகாரம் 2024-ல் வெளிவந்தது நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கல்ல, பாடப்பிரிவுக்குத் தரப்படுவது. உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா, எதுவரை செல்லும் என்று பாருங்கள். முடிந்தால் நேரில் போய், அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள்.

லிஸ்ட் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. உங்கள் ரேங்க் வரும்போது எது காலியாக இருக்கிறதோ, அதில் முதலாவதைத் தரும். எனவே பிடித்த கல்லூரியை முதலில் போடுவதால் நஷ்டமே இல்லை. 'கிடைக்காது' என்று பயந்து கீழே தள்ளினால்தான் நஷ்டம். பிடிக்காத கல்லூரியைச் சும்மா சேர்த்து வைக்கவும் கூடாது; அதுவே கிடைத்துவிடும்!

சந்தேகம் வந்தால் அரசின் சேவை மையங்களில் இலவசமாக உதவுகிறார்கள். பதிவு செய்யும் மொபைல் நம்பர் உங்கள் வீட்டு நம்பராகவே இருக்கட்டும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் இருக்கிறது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இந்த விவரம்கூடத் தெரியாமல் கடன் வாங்க ஓடும் பெற்றோர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் கொடுங்கள். பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்காமல், வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் உட்காருங்கள், ஆலோசனை சொல்லுங்கள். மவுஸ் மட்டும் பிள்ளையின் கையில் இருக்கட்டும். படிக்கப் போவது அவர்கள்தானே?